தென்காசிக்கு ஹெலிகாப்டர் வேண்டாம்

குற்றாலத்து அருவியில் திடீரென்று வெள்ளம் புரண்டு ஆள் போனாலும் சரி, புளியரை வளைவில் லாரி கவிழ்ந்தாலும் சரி, வடகரை, மேக்கரைப் பக்கத்து வயலில் யானையிடம் ஒருவர் சிக்கினாலும் சரி, அடுத்த இரண்டு நாளைக்கு ஒரு பேச்சு தவறாமல் எழும். அரசிடம் சொந்தமாக ஒரு ஹெலிகாப்டர் இருந்திருந்தால் உயிர் தப்பியிருக்கும் என்பது அந்தப் பேச்சு. விவரம் தெரிந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளப் போலீஸ் வாடகைக்கு ஒன்றை எடுத்து வைத்தது; அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலப் போலீஸ் 1970 முதல் ஒரே ஹெலிகாப்டரில் குற்றவாளியையும் தேடுகிறது, அடிபட்டவரையும் தூக்கிச் செல்கிறது; தமிழ்நாடும் காவலுக்கும் மருத்துவத்துக்கும் பொதுவாக ஒரு வான்பிரிவைத் தொடங்கித் தென்மாவட்டங்களுக்கென்று ஒன்றை நிறுத்தினால் என்ன என்று கேட்பார்கள். கேட்கும்போது நியாயமாகவே தோன்றுகிறது. பணக்காரர் பறந்து போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் காலத்தில் ஏழை மட்டும் சாலையில் குலுங்கிக்கொண்டே போக வேண்டுமா என்ற ஆதங்கமும் அதோடு சேர்ந்துகொள்வதால், மறுத்துப் பேசுகிறவர் கல்நெஞ்சக்காரராகத் தெரிவார். ஆனாலும் மறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. இந்த மலையடிவாரத்தில் உயிரைப் பறிக்கும் தாமதம் எங்கெங்கே உண்டாகிறது என்று பிரித்துப் பார்த்தால், அதில் ஹெலிகாப்டர் மிச்சப்படுத்தக்கூடிய பங்கு மிகச் சிறியது. அந்தச் சிறிய பங்குக்குப் போகிற பணமும் கவனமும் பெரிய பங்கிலிருந்துதான் பிடுங்கப்படும்.

முதலில் கடிகாரத்தை வைத்தே பார்ப்போம். தென்காசியிலிருந்து, பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையான ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குச் சாலைவழி ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பாவூர்சத்திரம், ஆலங்குளம் நெரிசலையும் சேர்த்து 108 வண்டிக்கு ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வானில் நேராகப் பறந்தால் 50 கிலோமீட்டர். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வாதம் முடிந்ததாக எழுந்துவிடுகிறார்கள். ஆனால் ஹெலிகாப்டர் தென்காசி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருக்காது. தென்மாவட்டங்களுக்கு ஒன்று என்றால் கொட்டகையும் எரிபொருளும் பொறியாளரும் இருக்கும் மதுரையில்தான் அது நிற்கும். அங்கிருந்து இங்கே 140 கிலோமீட்டர். முப்பத்தைந்து நிமிடத்துக்குக் குறையாமல் பறக்க வேண்டும். அதற்கு முன்னால் அழைப்பு போய், பறக்கத் தகுந்த நோயாளிதானா என்று மருத்துவர் சொல்லி, வானிலை பார்த்து, அனுமதி வாங்கி, எஞ்சின் சுழலத் தொடங்குவதற்குள் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கால் மணி நேரம். வந்து சேர்ந்ததும் விபத்து நடந்த இடத்திலேயே இறங்கிவிட முடியாது. மின்கம்பியும் தென்னந்தோப்பும் வேடிக்கை பார்க்கிற கூட்டமும் உள்ள ஊர் இது. ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தைப் போலீஸ் காலி செய்து காத்திருக்க வேண்டும். அந்த மைதானத்துக்கு நோயாளியைக் கொண்டுவருவது மறுபடியும் 108 வண்டிதான். ஸ்டிரெச்சர் மாற்றி, டிரிப்ஸும் ஆக்சிஜனும் மாற்றிப் பொருத்த இன்னொரு கால் மணி. பிறகு அந்தப் பதின்மூன்று நிமிடப் பயணம். பாளையங்கோட்டையிலும் அது வார்டு வாசலில் இறங்காமல் ஒரு மைதானத்தில் இறங்கினால், அங்கே மூன்றாவதாக ஒரு வண்டி. கூட்டிப் பாருங்கள், ஒன்றரை மணி நேரத்தைத் தொடுகிறது. அதற்குள் சாலைவழி கிளம்பிய 108 போய்ச் சேர்ந்திருக்கும். சரி, மதுரையில் வேண்டாம், திருநெல்வேலியிலேயே நிறுத்துவோம் என்றால் இருபது நிமிடம் போல மிச்சமாகும். ஆனால் அந்த நியாயம் ராமநாதபுரத்துக்கும் நீலகிரிக்கும் தருமபுரிக்கும் அப்படியே பொருந்தும். 38 மாவட்டங்கள் உள்ள மாநிலத்தில் அது எங்கே போய் நிற்கும் என்பதை நிதித்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

அந்த இருபது நிமிடமும் வெட்டவெளிப் பகலில்தான் கிடைக்கும். குற்றாலத்துச் சீசன் என்பதே மேகம். ஜூன் பிறந்தால் மேல்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து சாரலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தச் சாரலுக்காகத்தான் கூட்டம் வருகிறது, அந்தக் கூட்டத்தில்தான் விபத்தும் நடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் மலைமுகடு நாள்கணக்கில் கண்ணுக்குத் தெரியாது. ஹெலிகாப்டரை ஊர் கூவி அழைக்கும் நாட்களும் அது பறக்கக்கூடாத நாட்களும் பெரும்பாலும் ஒன்றே. இதைப் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே மலையில் மோதியது. முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை சட்டென்று மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு தப்பியது என்பது விசாரணையின் முடிவு. நாட்டின் மிக உயர்ந்த படை அதிகாரியை ஏற்றிக்கொண்டு, அந்தப் பாதையை நன்கறிந்த படைப்பிரிவு ஓட்டிச் சென்ற வண்டி அது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டு முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போனபோதும், சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர்கள் மழையில் இறங்க முடியாமல் கோழிக்கோட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. மாலையில்தான் இறங்க வழி கிடைத்தது. அதுவரை ஆற்றுக்கு அக்கரையில் கிடந்தவர்களைக் கயிறு கட்டி இழுத்துக் கொண்டுவந்தவர்கள் தீயணைப்பு வீரர்களும் ஊர் இளைஞர்களும். மீட்பின் போக்கையே மாற்றியது ஆகஸ்டு 1 அன்று ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் கட்டி முடித்த 190 அடி பெய்லி பாலம்.

மலையில் மாட்டிக்கொண்டவரை யார் காப்பாற்றுகிறார்கள் என்பதற்கு இன்னும் இரண்டு சம்பவங்கள் பக்கத்திலேயே உண்டு. 2018 மார்ச் 11 மாலையில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் அனுப்பப்பட்டன; இருட்டில் அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை, வேலை விடிந்த பிறகுதான் தொடங்கியது. அந்த இரவில் டார்ச் விளக்கோடு மேலே ஏறி, வெந்துபோனவர்களைப் போர்வையில் கிடத்தித் தோளில் சுமந்து இறக்கியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் வனத்துறைக்காரர்களும். மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மலையிலிருந்து இறக்கப்பட்டு, மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட பின்பு தீக்காயத்தால் இறந்தவர்கள். அவர்களுக்குக் குறைவாக இருந்தது வாகனமா, தீக்காயப் பிரிவா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அந்தத் தீக்குப் பிறகு உருப்படியாக வந்தது என்னவென்றால் மலையேற்றத்தை முறைப்படுத்தும் 2018-ஆம் ஆண்டு விதிகள்தான், ஹெலிகாப்டர் அல்ல. அடுத்தது பாலக்காடு, 2022 பிப்ரவரி. மலம்புழா அருகே பாறை இடுக்கில் இரண்டு நாளாக அமர்ந்திருந்த இளைஞரைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. வெலிங்டனிலிருந்து சாலைவழி வந்த ராணுவ மலையேற்ற வீரர்கள் கயிற்றில் இறங்கி அவரை மேலே இழுத்துக் கொண்டுபோனார்கள். உச்சியில் பத்திரமாக உட்கார வைத்த பிறகே ஹெலிகாப்டர் வந்து ஏற்றிச் சென்றது. தொலைக்காட்சியில் நாம் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி அந்தக் கடைசிப் பகுதி. கயிற்றுக்குக் காட்சியழகு போதாது போலும்.

இனி குற்றாலத்துக்கே வருவோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் காட்டாற்று வெள்ளம் சில நொடிகளில் படிக்கட்டை மூடியது. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். அந்த நிகழ்வில் ஹெலிகாப்டர் எந்த நிமிடத்தில் நுழைந்து என்ன செய்திருக்கும் என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்ளலாம். வெள்ளம் வருவதற்கும் ஆளை அடிப்பதற்கும் நடுவே இருந்த நேரம் மிகக் குறைவு. அதற்கு முன்னால், மேலே காட்டுக்குள் மழை கொட்டியதற்கும் தண்ணீர் கீழே வந்து சேர்ந்ததற்கும் நடுவே இருந்த நேரம் அதைவிட அதிகம். அந்த இடைவெளியைப் பயன்படுத்துவதுதான் உயிர்காப்பு. மேலே மழைமானியும் நீர்மட்டக் கருவியும், கீழே சங்கொலி, அதைக் கேட்டதும் கூட்டத்தை வெளியேற்ற அதிகாரமும் ஆட்களும் உள்ள காவல் நிலையம், அருவிக்கரையிலேயே கயிற்றோடு தயாராக நிற்கும் தீயணைப்புப் பிரிவு. இவற்றில் எதுவும் பறக்க வேண்டியதில்லை. ஐந்தருவி, பேரருவி, பழைய குற்றாலம் மூன்றுக்கும் சேர்த்து இவற்றைச் செய்து, ஆண்டு முழுக்கப் பழுதில்லாமல் வைத்திருக்க ஆகும் செலவு ஒரு ஹெலிகாப்டரின் சில நாள் வாடகையைத் தாண்டுவது கடினம்.

வாடகை என்று சொல்லும்போது கேரளத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒப்பிட அதைவிடப் பக்கத்தில் வேறு இல்லை. 2020-இல் பவன் ஹன்ஸ் நிறுவனத்திடம் கேரளம் எடுத்த ஹெலிகாப்டருக்கு மாத வாடகை 1.44 கோடி ரூபாய், வரி தனி. அதற்கு மாதம் 20 மணி நேரம் பறக்கலாம். பறந்தாலும் நின்றாலும் பணம் கட்ட வேண்டும். முழுதாகப் பறந்தாலே மணிக்கு 7.2 லட்சம், பாதி நேரம் நின்றால் அது இரட்டிப்பாகும். 2023-இல் வேறொரு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் மாதம் 80 லட்சம், 25 மணி நேரம் என்று இறங்கியது. மலிவுதான், அதாவது மணிக்கு 3.2 லட்சம். நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: 2020 மே 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு ஓர் இதயத்தை அந்த ஹெலிகாப்டர் கொண்டுபோய்ச் சேர்த்து ஓர் உயிரைக் காத்தது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் உறுப்புக் கொண்டுபோவது முன்கூட்டித் திட்டமிட முடிந்த பயணம். தேவைப்படும் நாளில் மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும். தமிழ்நாட்டில் போலீஸ் பாதையை ஒழித்துக்கொடுத்து ஆம்புலன்சிலேயே எத்தனையோ இதயங்கள் போயிருக்கின்றன. நிரந்தரமாக ஒன்றை வாங்கி நிறுத்தினால் அது யாருக்குப் போகும் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. ஒக்கிப் புயலுக்குப் பின் 2017 டிசம்பரில் கேரள முதலமைச்சர் பயணம் செய்த ஹெலிகாப்டருக்கான 8 லட்சம் ரூபாய் பேரிடர் நிதியில் எழுதப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நம் அரசு 2006-இல் வாங்கிய பெல் 412 முக்கியப் பிரமுகர்களுக்காகவே பறந்து, பிறகு பறக்காமல் நின்று, கடைசியில் அதை ஆம்புலன்ஸாக மாற்றலாமே என்ற யோசனைக்கு ஆளானது. பிரமுகருக்கென்று வாங்கியது நோயாளிக்கு வருவதற்கு இத்தனை காலம் என்றால், நோயாளிக்கென்று வாங்குவது பிரமுகருக்குப் போக எத்தனை நாள் ஆகும்?

ஒரே வண்டி போலீசுக்கும் மருத்துவத்துக்கும் உதவுமே, செலவு பாதியாகுமே என்பது அடுத்த வாதம். பாதியாவது செலவு இல்லை, கிடைக்கும் நேரம். தேடுதல் வேட்டையில் இருக்கும் ஹெலிகாப்டரில் கேமராவும் தேடல் விளக்கும் இருக்கும். நோயாளிக்கு வேண்டியது வென்டிலேட்டரும் படுக்கையும் கூடவே பயிற்சி பெற்ற மருத்துவரும். இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியில் 1990 முதல் போலீசும் ஆம்புலன்ஸும் ஒரே ஹெலிகாப்டரைப் பகிர்ந்துகொண்டன. 2014-உடன் அந்தக் கூட்டு முடிந்து, ஆம்புலன்ஸ் தனக்கென்று வேறு ஹெலிகாப்டரைத் தேடிக்கொண்டது. மேரிலாந்து இன்னும் சேர்த்தே நடத்துகிறதே என்றால், அங்கே எது முதலில் வந்தது என்று பார்க்க வேண்டும். ஆடம்ஸ் கௌலி என்ற அறுவை மருத்துவர் பால்டிமோரில் விபத்துக் காயத்துக்கென்றே தனி சிகிச்சைப் பிரிவைக் கட்டி எழுப்பிய பிறகுதான், அங்கே ஆளைக் கொண்டுவர 1970-இல் போலீஸ் ஹெலிகாப்டர் வந்தது. ஆஸ்பத்திரி முன்னால், ஹெலிகாப்டர் பின்னால். அந்தச் சேவையிலும் 2008 செப்டம்பர் 27 நள்ளிரவை ஒட்டி, சாலை விபத்தில் அடிபட்ட இருவரை ஏற்றிக்கொண்டு தாழ்ந்த மேகத்தில் தடுமாறிய ஹெலிகாப்டர் விழுந்து, இருந்த ஐவரில் நால்வர் இறந்தார்கள். அப்போதுதான், சாலையிலேயே போயிருக்கக்கூடியவர்களையும் வழக்கமாகப் பறக்க வைக்கிறோமோ என்று அங்கே கேள்வி எழுந்தது. யாரை ஏற்றலாம் என்ற விதியை இறுக்கினார்கள், பறப்புகள் வெகுவாகக் குறைந்தன. காவல் பணிக்கென்று பார்த்தாலோ, மேலிருந்து பார்க்க இன்று ஹெலிகாப்டர் எதற்கு? 2023 ஜூனில் சென்னை அடையாறில் தமிழ்நாடு காவல்துறை தொடங்கிய டிரோன் பிரிவுக்கு, ஒன்பது டிரோன்களோடு, ஆன செலவு 3.6 கோடி. கேரளம் முதலில் கொடுத்த வாடகையில் அது இரண்டரை மாதம்.

இதற்கெல்லாம் வரும் எதிர்க்கேள்வி கொஞ்சம் கனமானது. உயிருக்கு விலை போடுகிறாயா, ஸ்ரீவைகுண்டத்தில் ஹெலிகாப்டர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டி மழை பெய்து, தாமிரபரணி நாலாபுறமும் பரந்தபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டது. கர்ப்பிணி ஒருவரையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் சூழ்ந்து சாலையே இல்லாமல் போன இடத்தில் அதைத் தவிர வேறு வழி இல்லை என்பது உண்மை. ஆனால் வந்தவை மத்திய அரசுப் படைகளின் ஹெலிகாப்டர்கள். மாநில அரசு ஒன்றை வைத்திருந்தால் அன்று ஒரு ஹெலிகாப்டர் கூடுதலாக இருந்திருக்கும், அவ்வளவுதான். மீதிப் பயணிகளை வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுபோய்ச் சிறப்பு ரயிலில் ஏற்றியது பஸ்தான். சாலை இல்லாத இடத்தில் ஹெலிகாப்டர் தேவை என்பதை மறுப்பவர் யாரும் இல்லை. கட்சிரோலியில் மகாராஷ்டிரப் போலீஸ் சொந்தமாக வைத்திருப்பது பொருந்தும். அங்கே மாவோயிஸ்டுகள் சாலையில் கண்ணிவெடி புதைத்தார்கள், 2019 மே 1 அன்று அப்படி ஒரே வெடியில் 15 போலீசாரும் ஓட்டுநரும் இறந்தார்கள். ரிஷிகேஷ் எய்ம்ஸ் 2024 அக்டோபரில் தொடங்கிய ஹெலி ஆம்புலன்ஸுக்கும் நியாயம் உண்டு. கேதார்நாத்துக்குக் கார் போகாது. (அந்த ஹெலிகாப்டரும் 2025 மே 17 அன்று கேதார்நாத்தில் இறங்கும்போது வால் முறிந்து கிடந்தது, நல்ல வேளையாக உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள்.) வடகரைக்கும் பண்பொழிக்கும் செங்கோட்டைக்கும் தார்ச்சாலை இருக்கிறது. நம் சிக்கல் சாலையின் மறுமுனையில் இருக்கிறது.

அந்த மறுமுனையைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சிலும் பேச்சே இல்லை. 2019 நவம்பரில் மாவட்டமாகப் பிரிந்த தென்காசிக்கு இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. ‘ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க’ என்ற சொல் இங்கே ஒரு சிகிச்சை முறையாகவே ஆகிவிட்டது. தலையில் அடிபட்டு இரவு இரண்டு மணிக்கு வருகிறவருக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே சி.டி. ஸ்கேன் எடுத்து, அதைப் படித்து, தேவையென்றால் மண்டையோட்டுக்குள் கட்டிய ரத்தத்தை எடுக்க ஆள் இருந்தால், அந்த 55 கிலோமீட்டரே தேவையில்லை. தமிழ்நாடு தன் நல்ல நாட்களில் செய்தது இதைத்தான்: சிகிச்சையை நோயாளிப் பக்கம் நகர்த்தியது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், விபத்தில் சிக்கியவரைப் பக்கத்துத் தனியார் மருத்துவமனையிலேயே முதல் 48 மணி நேரம் அரசுச் செலவில் பார்க்க வழி செய்தது. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம், நெஞ்சுவலிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்தது. வயலில் பாம்பு கடித்தவருக்கும் அதேதான்; எதிர்விஷ மருந்து வடகரையில் இருந்தால் அவர் பிழைப்பார், மருந்து இல்லாத ஊரிலிருந்து எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் நஞ்சு முன்னால் ஓடிவிடும். பாம்புக்கடியை 2024 நவம்பரில் அறிவிக்கத்தக்க நோயாக்கியது அரசு. எந்த ஊரில் எத்தனை கடி என்பது இனிக் கணக்கில் வரும். ஹெலிகாப்டர் இந்தத் திசைக்கு நேர் எதிரானது. நோயாளியைத்தான் சிகிச்சையிடம் கொண்டுபோக வேண்டும், சிகிச்சை அங்கேயே இருக்கட்டும் என்கிறது அது.

இரண்டும் வேண்டும் என்று சொல்லிக் கைகழுவிவிடலாம். எளிய பதில் அது. ஆனால் வருஷத்துக்கு 17 கோடி என்று கேரளம் கட்டிய முதல் ஒப்பந்தத்தின் தொகையை ஒரு மாவட்டத்தின் அவசரப் பிரிவில் போட்டால் இரவுப்பணி மருத்துவர்களும் மயக்க மருந்து நிபுணர்களும் ரத்த வங்கியும் வந்துவிடும். ஹெலிகாப்டரைக் கேட்கிற குரல் அந்த ரத்த வங்கியைக் கேட்டு ஒருநாளும் எழுவதில்லை. ரிப்பன் வெட்ட முடியாத இடம் அது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹெலிகாப்டரே தேவைப்படும் அரிய நாளுக்காகச் செய்ய வேண்டியது தனியாக ஒன்று இருக்கிறது. அதற்குப் பெரிதாகப் பணம் வேண்டாம். ஹெலிகாப்டர் சூலூரில் இருக்கிறது. சீசன் தொடங்குவதற்கு முன்பே செங்கோட்டை, குற்றாலம், வடகரை, கடையம், சங்கரன்கோவில் பக்கம் இறங்கத் தகுந்த மைதானங்களை விமானப்படையோடு சேர்ந்து அளந்து, மின்கம்பி எங்கே என்று குறித்து, ஆட்சியர் அலுவலகத்தில் வைக்கலாம். மைதானத்துக்கு யார் ஆம்புலன்ஸ் கொண்டுவருவது, கூட்டத்தை யார் விலக்குவது, நள்ளிரவில் ஆட்சியருக்குப் பதில் யார் சூலூருக்குப் பேசலாம் என்பதை எழுதி, வருஷத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்கலாம். ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்த ஹெலிகாப்டர்கள் தென்காசிக்கும் வரும், மேகம் விட்டால்.